சிறிய ரவுட்டரில் ஆஸ்டெரிஸ்க், 6 போன்கள்: எந்த வெப் இன்டர்பேஸ் வைக்கலாம்?

128 எம்பி ரேம் உள்ள ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ரவுட்டரில் ஆஸ்டெரிஸ்க் (போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) போட்டு 6 போன்களை நடத்த எந்த வெப் இன்டர்பேஸ் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஆஸ்டெரிஸ்க்கை வெப் பக்கத்திலிருந்து நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் வேண்டாம். அது நல்ல மென்பொருள்தான். ஆனால் வெப் சர்வர், பிஎச்பி, மரியாடிபி டேட்டாபேஸ் எல்லாம் கூடவே ஓட வேண்டும். உங்கள் பெட்டி தாங்காது.

தேடினால் ஆஸ்டெரிஸ்க் ஜியூஐ என்று ஒன்று கண்ணில் படும். டேட்டாபேஸ் இல்லை, ஆஸ்டெரிஸ்க்குக்குள் இருக்கும் வெப் சர்வரிலேயே ஓடும், ஆசையாகத்தான் இருக்கும். அதைப் பராமரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அது நம்பியிருந்த பழைய எஸ்ஐபி டிரைவரையே (chan_sip, போன்களை ஆஸ்டெரிஸ்க்கோடு இணைக்கும் பகுதி) 2023-இல் வந்த ஆஸ்டெரிஸ்க் 21-இல் எடுத்துவிட்டார்கள்.

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கோழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய்க் களத்துக்கு இதே அளவில் போன் அமைத்துக் கொடுத்தேன். கேட், எடைமேடை, உலர்களம், ஆபீஸ், முதலாளி வீடு. முதலில் டேட்டாபேஸோடு வரும் பெரிய இன்டர்பேஸ் ஒன்றை மெமரி கார்டில் போட்டேன். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது. போன்கள் வேலை செய்தன, ஆனால் ஒரு நம்பரைக்கூட மாற்ற முடியவில்லை. அந்த மாதிரி இன்டர்பேஸ் டேட்டாபேஸில் இருப்பதை வைத்துத்தான் கான்ஃபிக் ஃபைல்களை எழுதும். நாம் கையால் திருத்தினால் அடுத்த முறை அழித்துவிடும்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: இன்டர்பேஸே செத்தாலும் ஃபைலைத் திறந்து நானே திருத்த முடிய வேண்டும்.

இப்போது அங்கே இருப்பது நானே எழுதிய ஒரே ஒரு பக்கம். ஓபன்டபிள்யூஆர்டியில் ஏற்கனவே இருக்கும் யுஎச்டிடிபிடி என்ற சிறிய வெப் சர்வர் போதும், பின்னால் அது கூப்பிட்டு ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (சிஜிஐ). பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் ஓடும், மற்ற நேரத்தில் ரேம் தின்னாது. அங்கே தினமும் கேட்பது "எடைமேடை போன் அடிக்கலீங்க, பாருங்க", "ராத்திரி ஆபீஸ் காலை வீட்டுக்குத் திருப்பி விடுங்க" இரண்டும்தான். அதற்கு மேல் பட்டன் வைக்கவில்லை. கணக்குப் பார்க்கும் சேச்சிக்கு மலையாளம்தான் படிக்க வரும், மேஸ்திரி அண்ணனுக்குத் தமிழ் மட்டும். பட்டன்களுக்கு இரண்டு மொழியிலும் பெயர் எழுதிக் கொடுத்தேன். இப்போது திருப்பி விடுவதற்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

நீங்களும் இப்படி ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதன் ஸ்கிரிப்ட், மாற்றங்களைத் தனிச் சிறு ஃபைலில் மட்டும் எழுதட்டும். எந்த நம்பர் எங்கே போக வேண்டும் என்ற விதிகள் (டயல்பிளான்) இருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ்.கான்ஃபில் ஒரு இன்க்ளூட் வரி போட்டு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு டயல்பிளான் ரீலோட். நேராக அந்தச் சிறு ஃபைலில் எழுதாமல், பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துப் பெயர் மாற்றுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும்.

அப்புறம், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். யுஎச்டிடிபிடி சிஜிஐயை ரூட் உரிமையோடு, அதாவது முழு அதிகாரத்தோடு ஓட்டும். அதனால் பக்கத்திலிருந்து வருவதில் எண்களைத் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள், பாஸ்வேர்டு வையுங்கள், லேன் முகவரியில் மட்டும் திறந்து விடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் வழியாக உள்ளே வாருங்கள்.