மகன் ஏன் தூங்கிக்கொண்டே இருக்கிறான்?

கேள்வி: என் மகன் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்து, மும்பையிலுள்ள போர்க்கப்பல் ஒன்றில் மாலுமியாக இருக்கிறான். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளைத் தடுப்பு ரோந்தை முடித்து விடுப்பில் வந்தவன், பாதி நாட்களைத் தூங்கியே கழித்தான். ரோந்தின்போது வாரக்கணக்கில் போனும் இல்லை. கேட்டால், "வாட்ச்மா" என்பதோடு சரி. அப்படி என்னதான் வேலை?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பதினைந்து ஆண்டுகள் அந்த வாட்ச்சில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. கப்பல் துறைமுகத்தை விட்டுவிட்டால் இயந்திர அறை, ரேடார், சுக்கான் என எதையும் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் விட முடியாது என்பதால், மாலுமிகளை மூன்று அணிகளாகப் பிரித்து, நான்கு மணி நேரத்துக்கு ஓர் அணி என்று நிறுத்துவது வழக்கம். அந்தக் காவல் முறைக்குத்தான் 'வாட்ச்' என்று பெயர். அப்படியே விட்டால் நாளொன்றுக்கு ஆறு முறை வரும். ஆறு மூன்றால் மீதியின்றி வகுபடுவதால், நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான 'மிடில் வாட்ச்' தினமும் ஒரே அணியின் தலையில் விழும். அதற்காகவே மாலை 4 முதல் 8 வரையிலான முறையை இரண்டிரண்டு மணியாக வெட்டி, 'டாக் வாட்ச்' என்று பெயரிட்டு, நாளை ஏழு முறைகளாக்கியிருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் தூங்கும் நேரம் நாளுக்கு நாள் இடம் மாறும். வாட்ச் இல்லாத பொழுதும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதிலும் தீயணைப்புப் பயிற்சியிலும் கரைந்துவிடும்.

மிடில் வாட்ச்சுக்கு ஆள் எழுப்புவது தனிக் கலை. மூன்றடுக்குப் படுக்கைகளுக்கு நடுவே சிவப்பு விளக்குடன் வருபவர், சரியான ஆளின் காலைத் தொட்டு எழுப்ப வேண்டும். வெள்ளை விளக்கு கண்ணில் பட்டால், இருட்டுக்கு மறுபடி பழகக் கிட்டத்தட்ட அரை மணி நேரமாகும். எழுந்தவர் தரையில் கால் ஊன்றுவதைப் பார்த்த பிறகுதான் எழுப்பியவர் நகர்வார். ஏனென்றால் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடுவார்கள். நானும் தூங்கி, வசை வாங்கியிருக்கிறேன்.

போன் வராததற்கு மகனைக் கோபிக்காதீர்கள். சமூக வலைத்தளங்கள் வழியாக உளவு நடந்தது தெரியவந்ததும், 2019 டிசம்பரில் போர்க்கப்பல்களில் ஸ்மார்ட்போனுக்கே கடற்படை தடை விதித்தது. போதாக்குறைக்கு, ஏடன் பக்கத்து நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. நீங்கள் இரவு பத்தரைக்குப் படுக்கப்போகும்போது அங்கே எட்டு மணி. அவன் வாட்ச்சுக்கு ஏறிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: நடுக்கடலில் குளிக்கத் தண்ணீரும் நல்ல சாப்பாடும் கிடைக்குமா?
— ஒரு மாணவர், கரூர்

பதில்: லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரைக் கப்பலிலேயே ஆர்.ஓ. முறையில் நன்னீராக்குகிறார்கள். அந்த இயந்திரம் மக்கர் செய்தால் முதலில் அடைபடுவது குளியலறைக் குழாய்தான் என்பதால், உடம்பை நனைத்ததும் குழாயை மூடிவிட்டுச் சோப்பு போடும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடும். எனக்கு வீட்டிலும் அது போகவில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சுமார் 1,600 பேர் வாழும் விமானம் தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவுக்கு மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டையும் 16 டன் அரிசியும் தேவைப்படும் என்று அது படையில் சேர்ந்த காலத்தில் கணக்குச் சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குத் தினம் இரண்டு முட்டை, மாதம் பத்துக் கிலோ அரிசி. கீரையும் தக்காளியும்தான் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன் பிறகு அடுத்த துறைமுகம் வரை உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, மறுபடியும் உருளைக்கிழங்கு.