கீசரை எத்தனை டிகிரியில் வைக்கலாம்?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறோம். குளியலறையில் புதிதாக 15 லிட்டர் கீசர் பொருத்தியிருக்கிறோம். திருகில் எண்களே இல்லை. சிறிதிலிருந்து பெரிதாகப் போகும் புள்ளிகள்தான். பொருத்த வந்தவர் கடைசிப் புள்ளியில் வைத்து, "கொதிக்கக் கொதிக்க வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. மகனுக்கு மூன்று வயது. திருகை எங்கே வைப்பது?

பதில்: அவர் பெருமையாகச் சொன்னதுதான் உங்கள் வீட்டில் ஆபத்து. பல வீட்டுக் கீசர்கள் கடைசிப் புள்ளியில் 70 டிகிரியைத் தாண்டிவிடும். 60 டிகிரி வெந்நீரே பெரியவர்களின் தோலை ஐந்து விநாடிக்குள் ஆழமாக வேகவைத்துவிடும். 55 டிகிரியில் ஏறத்தாழ அரை நிமிடம். 50-க்கு இறங்கினால் சில நிமிடங்கள் கிடைக்கும். காலை இழுத்துக்கொள்ளவும் குழந்தையை அள்ளித் தூக்கவும் அது போதும். குழந்தைக்கும் முதியவருக்கும் தோல் மெல்லியது என்பதால் இந்த அவகாசம் இன்னும் சுருங்கும். உங்கள் வீட்டுக்கு 50 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம்.

போதுமா என்று கேட்பீர்கள். நாம் இருப்பது ஊட்டியில் அல்ல. மார்கழி விடியலிலும் மாடித் தொட்டி நீர் நம் பக்கத்தில் வெடவெடக்க வைக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. அதை 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க இதமான சூடு 40. ஐம்பது டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை விளாவினால் 25 லிட்டர் கிடைக்கும், ஒருவருக்குத் தாராளம். அடுத்தவர் ஏறத்தாழ கால் மணி நேரம் காத்திருந்தால், 2 கிலோவாட் கீசர் மறுபடி 50-ஐத் தொட்டுவிடும். சிறிய தொட்டியை வாங்கிவிட்டு அதைக் கொதிக்க வைத்துச் சமாளிப்பதுதான் இங்கே பல வீடுகளில் நடக்கிறது. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீடு என்றால், 25 லிட்டர் தொட்டியை வாங்கிச் சூட்டைக் குறைத்து வைப்பதே சரி. இனி வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே இதைக் கேளுங்கள். எண் போட்ட திருகு உள்ள கீசர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உங்கள் திருகின் எந்தப் புள்ளி 50 என்பதை அளந்துதான் அறிய வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். சமையலுக்கு விற்கும் கம்பி வடிவ தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். திருகை நடுவில் வைத்து, விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைச் சற்று ஓடவிட்டு, ஓர் எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் கம்பியை வைத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் திருகைக் குறைத்து, தொட்டி நீரை வெளியேற்றி, மீண்டும் சுடவைத்து அளக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் அங்கே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சில கீசர்களில் திருகு மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதை மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும், நீங்கள் வேண்டாம்.

மாமியாரின் பாதத்தைச் சூடு பார்க்க நம்பாதீர்கள். அதற்குச் சூடு தெரியாது. வேறொருவர் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். வாளியில் எப்போதும் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். வெந்நீரை நிரப்பிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் குழந்தை வாளிக்குள் கையை விடுகிறது. ஷவரில் குளிப்பவர்களுக்கு ஒன்று: சமையலறைக் குழாயை யாராவது திறந்தால் குளிர்ந்த நீரின் வரத்து குறையும், ஷவர் சட்டென்று சுடும். கீசர் 50-இல் இருந்தால் அந்த அதிர்ச்சியோடு போய்விடும்.

ஊருக்குப் போய்ப் பல நாட்கள் கழித்துத் திரும்பினால் மட்டும், ஒரு தடவை 60 டிகிரி வரை சுடவைத்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது அந்த நீரைத் திறந்துவிடுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். அன்றாடம் சுடவைத்துத் தீர்க்கும் வீட்டில் அந்தக் கவலை குறைவு.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். கீசர் போட்டதும் அடியில் உள்ள வால்விலிருந்து நீர் சொட்டுகிறது. பிளம்பர் அதை அடைத்துவிடலாம் என்கிறார். எங்கள் ஆழ்குழாய் நீர் உப்பு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: அடைக்கவே கூடாது. நீர் சூடானால் விரியும். 15 லிட்டர் நீர் 25-இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கூடுவது ஏறத்தாழ ஒரு டம்ளர். அது வெளியேறும் வழிதான் அந்த வால்வு. வழியை அடைத்த பிறகு, சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டியே வெடிக்கலாம். சூடாகும்போது சொட்டினால் இயல்பு. ஒரு சிறு குழாயை மாட்டி, யார் தலையிலும் படாமல் தரைத் துவாரத்துக்கு இறக்கிவிடுங்கள். அணைத்த பிறகும் நிற்காமல் ஒழுகினால் வால்வில் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது பம்ப் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வால்வை மாற்றச் சொல்லுங்கள், பிளம்பரையும் சேர்த்து.

உப்பு நீரில் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி சீக்கிரம் கரையும். தொட்டி துருப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் உப்பு நீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: கும்பகோணம். உத்தரவாதக் காலத்திலேயே தெர்மோஸ்டாட் பழுதாகி, குழாயில் ஆவியோடு நீர் பீறிட்டு, கை வெந்துவிட்டது. கடையில் பொருளை மாற்றித் தருகிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள்.

பதில்: அவ்வளவுதான் என்று அவர்கள் சொல்லி முடிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு கேட்க இடம் உண்டு. எச்சரிக்கையோ சரியான பயன்பாட்டுக் குறிப்போ தராததும் அதில் அடங்கும். கீசரைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. படம் எடுத்து, ரசீது, உத்தரவாத அட்டை, மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: தஞ்சாவூரில் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறோம். இதற்கும் 50 டிகிரிதானா?

பதில்: சூரியனுக்குத் திருகு கிடையாது. வெயில் நாட்களில் அந்தக் கலனில் நீர் 70, 80 டிகிரிக்குப் போகும். அதனால் கட்டுப்பாட்டைக் கீழே இறங்கும் குழாயில்தான் வைக்க வேண்டும்: வெந்நீரையும் தண்ணீரையும் தானே கலந்து, வைத்த சூட்டில் அனுப்பும் தெர்மோஸ்டாட்டிக் கலவை வால்வு. அது வேலை செய்யக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். தொட்டி தாழ்வாக இருந்தால் அந்தத் தொட்டியின் உயரத்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்குங்கள்.

யாருக்காவது வெந்நீர் பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். சித்திரையில் மாடிக் குழாயில் முதலில் வருவதே சுடும். அதைத் தவிர்த்து, குடத்து நீரை விடாமல் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.