ராத்திரி 10 மணியிலிருந்து காலை 9 வரை

கேள்வி: என் மகனுக்கு நானே கிட்னி கொடுத்தேன். கோவையில் தனியார் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் ராத்திரி 10 மணிக்கு யூரின் நின்றுவிட்டது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னால் நர்ஸ் எரிந்து விழுந்தார். காலை 9 மணிக்குத்தான் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பாம், கிட்னியை எடுத்துவிட்டார்கள். தோட்டத்தை விற்று 11 லட்சம் கட்டினோம். 20 மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் போலீசுக்குப் போகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி 3 லட்சம் தருவதாகச் சொல்கிறது. (பவானி வாசகி)

பதில்: நர்ஸ் எரிந்து விழுந்ததும், தோட்டம் போனதும் வழக்குக்கு உதவாதுங்க அம்மா. ரத்தக்குழாய் அடைத்ததும்கூட உதவாது. மாற்றிய கிட்னியின் தமனியிலோ சிரையிலோ முதல் சில நாளில் ரத்தம் உறைவது தெரிந்த ஆபத்து. நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலேயே அநேகமாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது அந்த 11 மணி நேரம்தான்.

அதற்குச் சாட்சி நர்ஸ் மணிக்கு மணி எழுதும் யூரின் சார்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது. கேஸ் ஷீட்டில், அதாவது முழுச் சிகிச்சைப் பதிவில்தான் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் அதைத் தரவேண்டும். வக்கீல் நோட்டீசுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

போலீசுக்கு மட்டும் போகாதீர்கள். சுப்ரீம் கோர்ட்டின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி டாக்டர் மேல் கிரிமினல் வழக்குக்குக் கொடிய அலட்சியம் வேண்டும். அதற்குமுன் வேறு டாக்டரின் கருத்தும், முடிந்தால் அரசு டாக்டரிடம், வாங்கவேண்டும். என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் பிடிவாதமாகப் போலீசுக்குப் போனார். கருத்துக் கேட்ட டாக்டரிடமிருந்து ‘அலட்சியம் இல்லை’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தது. பிறகு நுகர்வோர் ஆணையத்தில் ஆஸ்பத்திரி வக்கீல் முதலில் நீட்டியது அந்தத் தாளைத்தான். அதற்குள் ஆணையத்தில் வழக்குப் போடும் கெடுவும் தாண்டியிருந்தது. உங்கள் வழக்கில் அந்தக் கெடு கிட்னியை எடுத்த நாளிலிருந்து 2 வருடம். உங்களுக்கு மிச்சம் 4 மாதம். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கும் மனு இந்தக் கெடுவை நிறுத்தாது.

இன்னொன்று. ‘ரத்தம் நின்ற கிட்னி ரொம்ப நேரம் தாங்காது, ராத்திரியே பார்த்திருந்தாலும் போயிருக்கும்’ என்பார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். பல சமயம் அது உண்மை. அதனால் கேஸ் ஷீட்டை வேறொரு கிட்னி டாக்டரிடம் காட்டுங்கள். காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் எழுதித் தந்தால் ஈரோடு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அவர் தயங்கினால் சமரசம்தான். 3 லட்சத்தோடு மகனின் டயாலிசிஸ் செலவையும் உங்கள் வருடாந்தரப் பரிசோதனையையும் கேளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் பணம் பேங்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.