ஒல்லியாக இருந்தும் ஏன் சர்க்கரை?

கேள்வி: எனக்கு வயது 34. எடை 61 கிலோதான், ஆனால் தொப்பை உண்டு. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இல்லை. பிறந்தபோது நான் 1.9 கிலோ. என்னைச் சுமந்தபோது ஒருவேளைச் சாப்பாட்டோடு வயல் வேலைக்குப் போனதாக அம்மா சொல்வார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 6.1 என்பது சர்க்கரை நோயின் வாசற்படி. இன்னும் உள்ளே போகவில்லை.

தாய்க்குச் சாப்பாடு பற்றாதபோது, வருவதில் கரு முதலில் மூளைக்கு ஒதுக்கிக்கொள்ளும். கணையமும் சிறுநீரகமும் தசையும் மிச்சத்தில்தான் வளர வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தை மறித்ததால், டச்சுக்காரர்களின் நாடான நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் 400 முதல் 800 கலோரி வரை இறங்கியது. அப்போது கருவில் இருந்தவர்களை 50 வயதில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பட்டினி பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இதயநோயும் அதிகம். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் பிறந்த எடை குறைவில்லை!

ஆனால் அதே போரில் ரஷ்ய நகரமான லெனின்கிராடை ஜெர்மானியர் சுற்றி வளைத்த 1941-44 முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களிடம் அந்தச் சர்க்கரைக் கோளாறு தென்படவில்லை. டச்சுக்காரர்களுக்குச் சில மாதங்களில் சாப்பாடு தாராளமாகிவிட்டது. லெனின்கிராடில் பிறந்த பிறகும் பஞ்சம் நீடித்தது. பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பில் பின்னால் தாராளம் வந்து சேர்வதுதான் வம்பு என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

நம் ஊர் உடல்வாகுக்குப் பக்கத்தில் வருவது புனே ஆய்வு. டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழு பார்த்த கிராமத்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோதான். இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் தசை நன்றாகவே குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவு குறையவில்லை. உங்கள் 61 கிலோவும் தொப்பையும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகின்றன.

சரி, என்ன செய்யலாம்? எடை மெஷினை விட்டுவிட்டு இஞ்சு டேப்பை எடுங்கள். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பட்டினி கிடக்காதீர்கள், இருக்கிற தசையும் போய்விடும். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, பயறு. நடைப்பயிற்சி போதாது, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்குங்கள், தண்டால் எடுங்கள். வருடம் ஒருமுறை சர்க்கரையோடு பி.பி.யும், சிறுநீரகம் நலமா என்று அறிய சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பாருங்கள். அப்புறம், டாக்டரைப் பார்க்கும்போது பிறந்த எடையை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.