ஓராண்டு முதுகலை மாணவரிடம் எப்போது கேட்பது?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மாணவர் கருத்தாய்வுப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: லெஸ்டர் நகரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். பிப்ரவரி முடிவிலிருந்து, படிப்பு அனுபவம் பற்றிய கருத்தாய்வை நிரப்பச் சொல்லி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செப்டம்பரில் என் படிப்பே முடிந்துவிடும். இதை நிரப்புவதால் எனக்கு என்ன பயன்? இளங்கலை மாணவர்களுக்கு நடக்கும் கருத்தாய்வும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் வேறு. இளங்கலை இறுதியாண்டு மாணவர்களுக்காக 2005 முதல் நடந்துவருவது தேசிய மாணவர் கருத்தாய்வு. அங்கே அதை என்.எஸ்.எஸ். என்பார்கள், நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் அதே மூன்றெழுத்து என்பதால் குழம்ப வேண்டாம். அதன் முடிவுகள் பல்கலைக்கழகம் வாரியாக, பாடம் வாரியாகப் பொதுவெளியில் வெளியாகின்றன. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் பி.டி.இ.எஸ். எனப்படும், வகுப்புவழி முதுகலை மாணவர்களுக்கான அனுபவக் கருத்தாய்வாக இருக்கும். 2009-இல் உயர்கல்வி அகாடமி தொடங்கிய இதை, அந்த அமைப்பு வேறு இரண்டு அமைப்புகளுடன் இணைந்து 2018-இல் உருவான அட்வான்ஸ் ஹெச்.இ. இப்போது நடத்துகிறது. இதில் சேர்வதும் சேராததும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். முடிவுகளும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே தரப்படுகின்றன. மற்றவற்றின் சராசரியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாமே தவிர, தரவரிசைப் பட்டியல் போட முடியாது.

உங்களுக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. மழுப்பாமல் சொல்வதானால், இந்தப் பெரிய கருத்தாய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் குறைவு. பயன் அடுத்த ஆண்டு மாணவருக்கே. நான் பணியாற்றிய ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே வாரத்தில் மூன்று பாடங்களின் கட்டுரைகளையும் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதாக மே மாதத்தில் ஒரு வகுப்பே எழுதியது. அந்தக் குறை துறைக் கூட்டத்தின் மேசைக்கு வந்தது நவம்பரில். எழுதியவர்கள் எல்லோரும் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். இளங்கலைக்கு மூன்றாண்டுகள் இருப்பதால் அங்கே தாமதம் ஓரளவு தாங்கும். பன்னிரண்டு மாதப் படிப்பில் ஆறு மாதத் தாமதம் என்பது பதிலே இல்லாமல் போவதற்குச் சமம். எனவே இன்றைக்கே தீர வேண்டிய குறையை இதில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வகுப்புப் பிரதிநிதியிடமும் படிப்பு இயக்குநரிடமும் நேரில் சொல்லுங்கள், கருத்தாய்வையும் நிரப்புங்கள்.

கேள்வி: விரிவுரையாளரைக் குறைசொல்லி எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடுமா? மதிப்பெண்ணோ விசாவோ பாதிக்கப்படுமா? என் அறைத் தோழிகள் பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 'ஒத்துக்கொள்கிறேன்' என்றே குறித்துவிட்டார்கள்.

பதில்: விசாவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல்கலைக்கழகம் உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம் என்ற முறையில் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிப்பது, நீங்கள் சேர்ந்தீர்களா, படிப்பில் தொடர்கிறீர்களா என்பது போன்ற விவரங்களைத்தான். வகுப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை அல்ல.

அடையாளம் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு அனுப்பப்பட்டிருந்தால், நிரப்பியவர் யார், நிரப்பாதவர் யார் என்பது கருத்தாய்வை நடத்தும் சிறு குழுவுக்குத் தெரியும். அதனால்தான் நிரப்பியவர்களுக்கு நினைவூட்டல் நின்றுவிடுகிறது. ஆனால் துறைக்குப் போவது தொகுத்த எண்ணிக்கைகளும் பெயரற்ற கருத்துகளும் மட்டுமே. எண்ணிக்கை மிகக் குறைந்த குழுக்களின் முடிவைத் தனியே காட்டாமல் விடுவது வழக்கம். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 'இந்த வகுப்பில் உள்ள ஒரே தமிழ்ப் பெண் நான்' என்று கருத்துப் பெட்டியில் எழுதினால் எந்தத் தொழில்நுட்பமும் உங்களை மறைக்காது. நிகழ்ந்ததை எழுதுங்கள், உங்களைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் தோழிகள் செய்ததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆசிரியரைப் பற்றி எதிர்த்துப் பேசக் கூடாது என்று பழகி வளர்ந்தவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டால், ஒத்துக்கொள்வதே மரியாதையாகத் தோன்றும். தேசிய மாணவர் கருத்தாய்வு 2023-இல் இந்த வடிவத்தையே கைவிட்டு, 'ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாக விளக்குகிறார்கள்?' என்பது போன்ற நேர்க்கேள்விகளுக்கு மாறியது எனக்கு மிகவும் சரியென்றே படுகிறது.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கருத்தாய்வு அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதுகலை மாணவர்களில் மூன்றில் ஒருவர்கூட நிரப்புவதில்லை. மறுமொழி விகிதத்தை உயர்த்தும்படி மேலிடம் கேட்கிறது. பரிசுக் குலுக்கல் போதுமா?

பதில்: போதாது. பரிசு கொஞ்சம் கூட்டம் சேர்க்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதை அல்ல, யார் நிரப்பவில்லை என்பதை. இருநூறு பேர் கொண்ட ஒரு படிப்பில் அறுபது பேர் பதில் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுபது பேரும் செப்டம்பரில் சேர்ந்த முழுநேர மாணவர்களாக இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் செவிலியரும், ஜனவரியில் சேர்ந்தவரும், தொலைநிலையில் படிப்பவரும் உங்கள் அறிக்கையில் இல்லவே இல்லை. விகிதத்தை முப்பதிலிருந்து நாற்பதாக்கினாலும், கூடுதலாக வருபவர்கள் அதே வகையினராக இருந்தால் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. ஆகவே வாரந்தோறும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குறைந்த குழுவுக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். பொதுவான நினைவூட்டல் ஏற்கெனவே நிரப்பக்கூடியவரையே மீண்டும் தட்டுகிறது.

அடுத்தது காலம். பி.டி.இ.எஸ். பொதுவாகப் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை திறந்திருக்கும். அதற்குள் எந்த வாரங்களில் நடத்துவது என்பது உங்கள் நிறுவனத்தின் முடிவு. பிப்ரவரியில் கேட்டால் ஜனவரியில் சேர்ந்தவர் நூலகத்துக்கு வழிகூட அறிந்திருக்க மாட்டார். ஜூனில் கேட்டால் செப்டம்பர் மாணவர்கள் வகுப்பு முடிந்து சிதறியிருப்பார்கள். இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கு 180 தகுதிப்புள்ளிகள். அவற்றில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கு உரியவை. அதாவது படிப்பில் மூன்றில் ஒரு பங்கான ஆய்வேடு, அதன் வழிகாட்டி எப்படி நடந்துகொண்டார் என்பது உட்பட, கருத்தாய்வு மூடிய பிறகு கோடையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. கருத்தாய்வில் ஆய்வேடு பற்றிய கேள்விகள் இருந்தாலும், தலைப்பை மட்டும் முடிவு செய்திருப்பவரிடமிருந்து வரும் விடையை முழு அனுபவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடைவெளி எனக்கு நெடுங்காலம் உறுத்தலாகவே இருந்தது. ஆகஸ்ட் முடிவில் ஐந்தே கேள்விகளுடன் ஆய்வேட்டுக்கென ஒரு சிறு கருத்தாய்வைத் தனியே நடத்துங்கள் என்று உங்களை வற்புறுத்துவேன்.

அதேபோல நவம்பரில், ஆறாவது ஏழாவது வாரத்தில், வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது என்ற இரண்டே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த வாரமே ஆசிரியர் அதே வகுப்பில் நின்று, 'இதை மாற்றுகிறோம். இதை மாற்ற முடியாது, காரணம் இது' என்று சொல்ல வேண்டும். முடியாது என்று காரணத்தோடு சொல்வதும் பதில்தான். வசந்த காலத்தில் பெரிய கருத்தாய்வு வரும்போது, முன்பு ஒருமுறை பதில் கிடைத்ததை நினைவில் வைத்திருக்கும் மாணவர் அதைத் திறப்பார்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஒரு பாடம். கருத்தாய்வின் முடிவு கல்விக் கட்டண உயர்வோடு பிணைக்கப்படுவதாகக் கருதி, பிரிட்டனின் தேசிய மாணவர் சங்கம் தேசிய மாணவர் கருத்தாய்வைப் புறக்கணிக்க அழைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சில இடங்களில் விகிதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போய், அவற்றின் முடிவுகளை வெளியிடவே முடியாமல் போனது. கேள்வித்தாள் அன்றும் நல்ல கேள்வித்தாள்தான். விடை எதற்குப் பயன்படும் என்பதில்தான் மாணவர்கள் முரண்பட்டார்கள்.

உயர் மதிப்பெண் குறிக்கச் சொல்லி எந்தத் துறையும் மாணவரிடம் பேசாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. 'நம் பட்டத்தின் மதிப்பு உங்கள் கையில்' என்ற ஒரு வரி மின்னஞ்சல்கூடத் தவறு.

கேள்வி: என் மகள் எம்.ஏ. படிக்க இங்கிலாந்து போக இருக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு மதிப்பெண் வந்திருக்கிறது என்று எங்கே பார்ப்பது? (திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: பி.டி.இ.எஸ். முடிவுகளைப் பல்கலைக்கழக வாரியாக எங்கும் பார்க்க முடியாது ஐயா. டிஸ்கவர் யூனி என்ற அரசுத் தளத்தில் இருப்பவை இளங்கலை மாணவர்கள் சொன்னவை. அவற்றை முதுகலைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். சில பல்கலைக்கழகங்கள் தம் விளம்பரத்தில் 'முதுகலை மாணவர் திருப்தி இத்தனை விழுக்காடு' என்று தாமே போடுவதுண்டு. எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று கூடவே சொல்லாவிட்டால் அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். சேர்க்கைக்கு முந்தைய இணையவழிக் கூட்டத்தில், சென்ற ஆண்டு மாணவர்கள் இந்தப் படிப்பைப் பற்றி என்ன குறை சொன்னார்கள், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று உங்கள் மகளை நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். படிப்பு இயக்குநரால் அதற்கு ஒரு மாற்றத்தையாவது குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள்.