செப்டிக் டேங்க் 15 வருடமாக நிரம்பவே இல்லை, அது நல்லதுதானே?

நல்லதல்ல. ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு குடம் உள்ளே போனால் மறுமுனையில் ஒரு குடம் வெளியேறும். வெளியேறும் குழாய்க்கு வெகு கீழே நீர்மட்டம் இறங்கிக் கிடந்தால் தொட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். நம் ஊர்களில் பல வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்கே இல்லை. உறை இறக்கிய குழி, அல்லது அடியில் கான்கிரீட் போடாத தொட்டி. "அடியை அப்படியே விட்டுட்டா லாரியே கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிக் கட்டித் தருவார்கள். லாரி தேவைப்படாததற்குக் காரணம், கழிவு தெளியாமலே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதுதான்.

தொட்டியின் வேலை தெளியவைப்பது. கழிவுநீர் ஒன்றிரண்டு நாள் அலுங்காமல் நின்றால் கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் சோப்பும் மேலே ஆடையாகத் திரளும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கும். அவை மலத்திலேயே வருகின்றன. கடையில் விற்கும் பவுடரோ சாணமோ தேவையில்லை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டாமல் இருந்தால் போதும்.

ஆடைக்கும் கசடுக்கும் நடுவிலுள்ள நீர் மட்டுமே வெளியே போகவேண்டும். அதற்காகத்தான் வெளியேறும் வாயில் பிளம்பர்கள் 'டீ' என்று சொல்லும் மூன்று வாய்க் குழாய். அதன் கீழ்க்கால் நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். அது இல்லாவிட்டாலோ உடைந்துவிட்டாலோ ஆடை நேராக, தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும்; கழிப்பறையில் தண்ணீர் குமிழியிட்டு மெதுவாக இறங்கத் தொடங்கும்.

அளவுக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. 5 பேர் வீட்டில் 2 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால் நீளம் 1.5 மீ., அகலம் 0.75 மீ., நீராழம் 1.05 மீ., அதற்கு மேல் 30 செ.மீ. காலியிடம். கிட்டத்தட்ட 1,180 லிட்டர் நீர் கொள்ளும். கிணறு மாதிரி ஆழமாகத் தோண்டுவதில் பயனில்லை. நீர் நீளவாக்கில் நகர்ந்தால்தான் நன்றாகத் தெளியும்.

வெளியே வரும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் இருக்கும். மீதி வேலை உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணுடையது. அதனால் குழிக்கும் குடிநீர்க் கிணறு, போர்வெல்லுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும். களிமண்ணிலும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும் இடத்திலும் குழி சரிவர உறிஞ்சாது.

கசடும் ஆடையும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கிழிக்காதீர்கள். உள்ளே மீத்தேன் இருக்கும். ஆளை மட்டும் இறக்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு நொடிகளில் மயக்கி உயிரை எடுத்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் அது.

உங்கள் தொட்டி ஒழுகுகிறது என்று தெரிந்தால், பக்கத்து வீட்டுக் கிணற்று நீரையும் சேர்த்து, நைட்ரேட்டுக்கும், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்கும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அதனால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் வேண்டாம்.