மினி கூலருக்கு கேஸ் நிரப்பாதீங்க, அதுல கேஸே கிடையாது

பாட்டில் வைக்கிற உங்க சின்ன கூலர் (குட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி) சரியா குளிரலை, கேஸ் நிரப்பணும்னு மெக்கானிக் சொல்றார்னு கேட்டிருந்தீங்க. ஒத்துக்காதீங்க. கம்ப்ரஸர் சத்தமே இல்லை, பின்னாடி ஃபேன் மட்டும் ஓடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படின்னா அது பெல்டியர் வகை கூலர், அதாவது கேஸ் இல்லாம, கரன்ட் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற ஒரு சின்னத் தகட்டால குளிர வைக்கிறது. 2,500 ரூபாய் கேட்ட மெக்கானிக் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கலைன்னு தோணுது.

மாடி ரூம் 38 டிகிரி, பாட்டில் 20-க்குக் கீழே இறங்கலைன்னா பெரும்பாலும் இது ரிப்பேரே இல்லை. இந்த வகை, சுத்தி இருக்கிற காத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். மே மாச மொட்டைமாடி ரூமுக்கு அது எங்க பத்தும்?

ஏசி ரூமுக்கு மாத்திப் பாருங்க, சுவத்துக்கும் கூலருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு. டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டர் போட்டு ராத்திரி பூரா உள்ளே வைங்க (ஜுரம் பார்க்கிறது ஆகாது). காலையில 12 டிகிரி பக்கம் வந்துட்டா மெஷின் நல்லாத்தான் இருக்கு.

வரலைன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு, பின்னாடி இருக்கிற அலுமினியத் தகடுகளைப் பாருங்க. எங்க வீட்டுல அதுல போர்வை மாதிரி தூசி அப்பியிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்ததும் சரியாச்சு.

ஃபேன் நின்னுபோனா மட்டும் உடனே ஆஃப் பண்ணிடுங்க. சூடு வெளியேற வழியில்லாம பெல்டியர் தகடே போயிடும். அப்புறம், நல்லா ஓடினாலும் இதுல பால், இன்சுலின் வைக்காதீங்க.